பீட்டில்ஜூஸ்: வீட்டுக்காரப் பேய்களின் பகிடி

தெஹிவளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: “2024 இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு, 1988 ஆம் ஆண்டின் முதல் ‘பீட்டில்ஜூஸ்’ படத்தையும் போடச் சொல்லி என் 13 வயது மகள் அடம்பிடித்தாள். போட்டோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கென்றால் ஒன்றும் ஒட்டவில்லை. கதை எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை, பேயும் பயமுறுத்தவில்லை. இதை ஏன் இன்னும் தூக்கிவைத்துக் கதைக்கிறார்கள்? பழைய ஞாபகத்தில் சொல்கிறார்களா, உண்மையிலேயே நல்ல படமா?”

நல்ல படம்தான் தங்கச்சி. ஆனால் எனக்கும் முதல் தரம் ஒட்டவில்லை. அதற்கு நானும் ஒரு காரணம், கசெற்றும் ஒரு காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில், வெள்ளவத்தையில் ஒரு லேனுக்குள் இருந்த வீடியோக் கடையில் பின்னேரங்களில் நின்றேன். கசெற் வாடகைக்குக் கொடுப்பது, திரும்பி வந்ததைச் சுற்றி வைப்பது, டெக்கின் ஹெட்டைத் துடைப்பது, இவைதான் வேலை. சுவர் முழுக்கத் தமிழ்ப் படங்கள். கதவோரம் இரண்டு தட்டில் ஆங்கிலப் படங்கள். அங்கேதான் இது இருந்தது, கொப்பியின் கொப்பியாக. பச்சை எல்லாம் நீலமாகத் தெரியும். இருட்டுக் காட்சிகளில் யார் நிற்கிறார்கள் என்று ஊகிக்கத்தான் வேண்டும். முதலாளி கணக்குக் கொப்பியில் படத்துக்கு எதிரே ‘பேய், பகிடி’ என்று எழுதியிருந்தார். பேய்ப்படம் என்று எடுத்துப்போனவர்கள் பயந்தபடி வரவில்லை, பகிடிப் படம் என்று எடுத்துப்போனவர்களும் சிரித்தபடி வரவில்லை. எதை எதிர்பார்த்துப் போனாலும் இது வேறொன்றைத் தரும்.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், பார்க்காதவர்களுக்காக. ஆதாம், பார்பரா என்று ஒரு சாதுவான இளம் தம்பதி. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு சின்ன ஊர், மேட்டில் ஒரு பழைய வீடு. விடுமுறைக்கு எங்கும் போகாமல் அந்த வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். கடைக்குப் போய்த் திரும்பும் வழியில், பாலத்தில் குறுக்கே வந்த நாயொன்றுக்காகக் காரைத் திருப்ப, ஆற்றில் விழுந்து செத்துப்போகிறார்கள். செத்தது தெரியாமல் வீட்டுக்கு வருகிறார்கள். கண்ணாடியில் உருவம் இல்லை. மேசையில் ‘புதிதாக இறந்தோருக்கான கைந்நூல்’ ஒன்று கிடக்கிறது. அதை வாசித்துப் பார்த்த ஆதாம், ஸ்டீரியோ செட்டோடு வரும் அறிவுறுத்தல் புத்தகம் மாதிரி இருக்கிறது என்று குறைப்படுகிறார். இதற்கிடையில் வீடு விற்கப்பட்டு, நியூயோர்க்கிலிருந்து ஒரு பணக்காரக் குடும்பம் வந்து இறங்குகிறது. இவர்களை எப்படித் துரத்துவது? அதுதான் படம்.

இந்த இடத்திலேயே படம் உங்களை ஒரு பக்கத்தில் நிறுத்திவிடுகிறது, பேய்களின் பக்கத்தில். நம் பேய்ப் படங்களில் நாம் எப்போதும் புதிதாகக் குடிவந்தவர்களோடு நிற்போம். ‘முனி’, ‘அரண்மனை’ வரிசையில் பழகிய கண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: இடைவேளை வரை கதவு தானாகத் திறக்கும், இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃபிளாஷ்பேக் வரும், அந்தப் பேய்க்கு நடந்த அநியாயம் தெரியும், கடைசியில் பழிவாங்கல். நீங்கள் “கதை எங்கே போகிறது” என்று கேட்டதற்குக் காரணம் அந்தக் கணக்குத்தான் என்று நினைக்கிறேன். ஃபிளாஷ்பேக்குக்காகக் காத்திருந்திருப்பீர்கள். இங்கே அது வராது. இவர்களுக்கு யாரும் அநியாயம் செய்யவில்லை, பழி வாங்க ஆளே இல்லை. அவர்கள் கேட்பதெல்லாம் தங்கள் வீடு, தங்கள் சுவர்த்தாள், மேல்மாடியில் ஆதாம் செய்துவைத்த ஊரின் சின்ன மாதிரி.

அதனால் இதை வீட்டைப் பற்றிய படம் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். கொழும்பில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது இன்னும் நன்றாகப் பிடிபடும். படம் தொடங்கியதும் வருகிற முதல் தொல்லை எது? பேய் அல்ல, புறோக்கர். பிள்ளையில்லாத உங்கள் இரண்டு பேருக்கும் இவ்வளவு பெரிய வீடு எதற்கு, வாங்க ஆள் இருக்கிறது என்று ஒரு பெண் காலையிலேயே வந்து நிற்கிறாள். காணி ஒரு பேர்ச் என்ன விலை போகிறது என்று வீட்டுப் படலையில் நின்று கேட்கும் ஆட்களை நமக்குத் தெரியாதா?

எங்கள் லேனில் என் பெரியம்மா குடும்பம் இருந்த வீட்டை விற்றுவிட்டு அவர்கள் கனடா போனார்கள். சிவப்புச் சீமெந்துத் தரை, முன்விறாந்தை, மதிலோரம் ஒரு ஜம்பு மரம். இருபது வருடம் கழித்துப் பெரியம்மா ஒரு தரம் வந்தார். அந்த இடத்தில் எட்டு மாடித் தொடர்மாடி நிற்கிறது. வாசலில் நின்ற காவலாளி “யாரைப் பார்க்க வேணும்?” என்று கேட்டார். பெரியம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. ஜம்பு மரம் நின்ற இடத்தில் இப்போது ஜெனரேற்றர் இருக்கிறது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், போகிற வருகிறவர்கள் அவரை விலத்திக்கொண்டு நடந்தார்கள். அன்று இரவு என்னவோ எனக்கு இந்தப் படத்தின் ஒரு காட்சி ஞாபகம் வந்தது. தம்பதி செத்தவர்களின் உலகமான அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருவதற்குள் இங்கே மூன்று மாதம் ஓடிவிடுகிறது. வீடு முழுக்க மாற்றப்பட்டு, மரச் சுவரெல்லாம் போய், கல்லும் உலோகமுமாக நிற்கிறது. தங்கள் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு அவர்கள் விழிக்கிறார்கள். யாருக்கும் அவர்கள் தெரிவதில்லை.

படத்தில் மிக நல்ல பகிடி எது என்று கேட்டால் நான் அந்தப் பக்கத்துக் கந்தோரைத்தான் சொல்வேன். செத்தவர்களுக்கு ஒரு கந்தோர். சுவரில் சோக்கட்டியால் கதவு வரைந்து மூன்று தரம் தட்டினால் திறக்கும். உள்ளே நரகமும் இல்லை, சொர்க்கமும் இல்லை. காத்திருக்கும் அறை ஒன்று. கதிரைகள், பழைய வெளிச்சம், எண் துண்டு. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எப்படிச் செத்தார்களோ அப்படியே இருக்கிறார்கள்: ஒருவர் தீயில் கருகிப்போய், இன்னும் சிகரட்டோடு. மந்திரவாதியின் உதவியாளர் பெண் இரண்டாக வெட்டுப்பட்டு, மேல் பாதி ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம். சுறா இன்னும் காலை விடாத நீச்சல்காரர். வாகனம் ஏறித் தட்டையாகிப்போன ஒருவர் கம்பியில் தொங்கிக்கொண்டு கோப்புகளைக் கொண்டுபோகிறார், கந்தோரின் பியூன் அவர். தம்பதிக்குப் பொறுப்பான அதிகாரி ஜூனோ, வயது போன பெண்மணி. சிகரட்டை இழுத்தால் புகை மூக்கால் வராது, அறுபட்ட கழுத்தால் வரும். 1930களில் ஹொலிவூட்டின் முன்னணி நடிகையாக இருந்த சில்வியா சிட்னி அந்த வேடத்தில். வேலை அலுத்துப்போன தலைமை லிகிதர் ஒருவரை எங்கேயாவது பார்த்துப் பழகித்தான் நடித்தாரோ என்று தோன்றும். விபத்தில் செத்த கால்பந்துக் குழு ஒன்று, தாங்கள் செத்தது சரியாக விளங்காமல், அவரையே பயிற்றுநர் என்று நினைத்துக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் திரிகிறது. அவர் சொல்லும் சட்டம்: 125 வருடம் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். வெளியே கால் வைத்தால் மணற்பாலைவனம், அதில் ராட்சதப் புழு.

ஒரு மரண அத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்துத் திருத்துவதற்காக ஒரு திணைக்களத்துக்கு நான்கு நாள் அலைந்தவன் நான். மூன்றாம் நாள், இறந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் அலுவல் சுகமாக முடியுமோ என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்தப் படம் அந்த அறையில் எடுத்த படம்.

அடுத்தது அந்த இராப்போசன மேசை. உங்கள் மகள் எங்கே விழுந்து சிரித்தாளோ அது இதுவாகத்தான் இருக்கும். புதிய வீட்டுக்காரி டீலியா நவீன சிற்பம் செய்கிறவள், அல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறவள். நகரத்துப் பெரிய மனிதர்களை விருந்துக்கு அழைத்திருக்கிறாள். ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள். வெளியே வருவது பாடகர் ஹரி பெலபோன்ரேயின் குரலில் ‘டே-ஓ’. அவள் கண்ணில் திகில், இடுப்பு மட்டும் தானாக ஆடுகிறது. ஒவ்வொருவராக எழும்பி ஆடி முடிக்க, கிண்ணத்தில் இருந்த இறால்கள் கைகளாக மாறி முகங்களைப் பிடித்து இழுக்கின்றன. டீலியாவாக நடித்த கதரின் ஓஹாராவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அந்தக் காட்சியை இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள். வாயும் உடம்பும் ஒருத்தி, கண் இன்னொருத்தி.

அந்தப் பாட்டு என்ன பாட்டு என்று தெரிந்தால் இன்னும் ருசி. ஜமெய்க்காத் துறைமுகத்தில் இரவு முழுக்க வாழைக்குலை ஏற்றும் தொழிலாளிகளின் பாட்டு. விடிந்துவிட்டது, எண்ணுகிறவர் வந்து குலைகளை எண்ணிவிட்டால் நாங்கள் வீட்டுக்குப் போவோம் என்பதுதான் அதன் பொருள். கொச்சிக்கடைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை; துறைமுகத்து டலி கிளாக்கர் என்பவர் அந்த எண்ணுகிறவர்தான். வீட்டை விட்டுப் போகச் சொல்லி விரட்டும் பேய்கள், விருந்தாளிகளின் வாயாலேயே “எனக்கு வீட்டுக்குப் போகவேணும்” என்று பாட வைக்கின்றன. ஆனால் மேலே மாடியில் அலறலுக்குக் காத்திருக்கும் தம்பதிக்குக் கிடைப்பது பாராட்டு. விருந்தாளிகளுக்குப் பேய் பிடித்துப்போய்விட்டது, அதாவது மிகவும் பிடித்துப்போய்விட்டது! கீழே இறங்கி வந்து முகம் காட்டச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் இந்த ஊரையே பேய்ச் சுற்றுலாத் தலமாக்கலாம் என்று முதலீட்டாளரைக் கூப்பிடுகிறார். எண்பதுகளின் காணி வியாபாரப் புத்தியை இதைவிடச் சுருக்கமாகக் கிண்டல் செய்ய முடியாது.

சரி, படத்தின் பெயரையே தாங்கும் அந்தப் பேய்? அந்த வேடத்தில் நடித்த மைக்கல் கீற்றன் 92 நிமிடப் படத்தில் ஏறத்தாழ 17 நிமிடம்தான் வருகிறார். பூஞ்சணம் பிடித்த முகம், மின்சாரம் அடித்த தலைமயிர், காசுக்கு ஆட்களைத் துரத்திக் கொடுக்கும் வாடகைச் சண்டியன். ‘உயிரோடு இருப்பவர்களை ஓட்டித் தரப்படும்’ என்ற மாதிரி விளம்பரம் செய்து வாடிக்கையாளர் பிடிக்கிறவர். பெயரை மூன்று தரம் சொன்னால் வருவார், மூன்று தரம் சொன்னால் போவார். பாம்பை இரவில் பெயர் சொல்லாதே என்று வளர்க்கப்பட்ட நமக்கு இதில் புதுமை இல்லை.

பெயரைப் பற்றி ஒரு விஷயம். படத்தின் தலைப்பில் வண்டும் பழச்சாறும் இருந்தாலும், கதைக்குள் விளம்பரத்திலும் கல்லறையிலும் எழுதியிருப்பது ஒரு விண்மீனின் பெயர், ஓரியன் கூட்டத்தில் தோளில் இருக்கும் செம்மீன். ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளை முதல் தரம் பார்க்கும் இலங்கையர் யாரும் ‘வெற்றிலை’ என்றுதான் வாசிப்பார்கள். எங்கள் முதலாளி கடைசிவரை இதை ‘வெத்திலைச் சாறு’ என்றே சொன்னார். அந்த ஆளின் பல்லைப் பார்த்தால் அதுவும் பொருத்தம். ஆனால் அந்த விண்மீனுக்குத் தமிழில் பெயர் திருவாதிரை! சிவனுக்குரிய நாள்மீன். மார்கழியில் பத்து நாள் திருவெம்பாவை பாடி முடிக்கும் நாள். சுடுகாட்டில் பேய்க்கணம் சூழ ஆடுகிறவருக்கு உரிய மீனின் பெயரை, ஒன்றுமே தெரியாமல், ஹொலிவூட் ஒரு பேய்க்கு வைத்திருக்கிறது. இது வெறும் தற்செயல்தான், இதில் தத்துவம் தேடாதீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

“பேய் பயமுறுத்தவில்லை” என்றீர்கள். பேயைப் பார்த்துச் சிரிப்பது நமக்கு அந்நியமா என்ன? கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் போர்க்களத்தில் பேய்களுக்குக் கூழ் காய்ச்சுகிறார். பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று வரிசையாக வந்து நிற்க, ஒவ்வொன்றுக்கும் அதனதன் குணத்துக்கு ஏற்ற கிண்டலோடு கூழ் ஊற்றுகிறார்கள். 12 ஆம் நூற்றாண்டில்! இந்தத் தீவின் தெற்கே சிங்களவர்களின் சன்னி யகும சடங்கில் நோய் தரும் பதினெட்டுப் பேய்கள் முகமூடியோடு இரவில் ஆட வரும். ஆட வந்த பேயை மேளக்காரர் வாயைக் கிளறுவார். பேய் உளறும், இரட்டை அர்த்தத்தில் பேசும், ஏமாந்துபோகும், சனம் சிரிக்கும். சிரித்த பிறகு அந்தப் பேயிடம் பயம் எங்கே மிச்சம்? கீற்றனின் 17 நிமிடமும் அந்த வகை ஆட்டம்தான் என்று எனக்குப் படுகிறது: பயமுறுத்த வந்து, தன் சொந்த அலட்டலிலேயே கோமாளியாகி, கடைசியில் புழுவின் வாய்க்குள் போகிற பேய்.

உண்மையில் பேய்களைக் காணக்கூடிய ஆள் வீட்டில் ஒருத்திதான், கறுப்பு உடுப்போடு திரியும் மகள் லிடியா. அவளாக நடித்த வினோனா ரைடருக்குப் படம் வந்தபோது 16 வயது. படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஊளையிடும் தம்பதியை அவள் பெற்றோரின் கூத்து என்று நினைத்துப் போலரோயிட்டில் படம் எடுக்கிறாள். படம் மெல்லத் தெளிகிறது: விரிப்புக்குக் கீழே கால் இல்லை. பேய்க்குக் கால் பாவாது என்று எங்கள் அம்மம்மா சொன்னதை அமெரிக்கப் பிள்ளையொன்று கமராவில் கண்டுபிடிக்கிறது. உங்கள் மகளுக்குப் படம் ஏன் ஒட்டியது என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கும். பெரியவர்கள் எல்லாம் கதைத்துக்கொண்டே இருக்கும் வீட்டில், அந்த வயதுப் பிள்ளையை நின்று கவனிப்பது செத்துப்போன இரண்டு பேர் மட்டும்.

தந்திரக் காட்சிகள் பொம்மை மாதிரி இருக்கின்றன என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன், கசெற் கோளாறு என்றும் நினைத்தேன். பிறகு டிவிடியில் சுத்தமாகப் பார்த்தபோதுதான் விளங்கியது, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். இயக்குநர் ரிம் பேர்ட்டனுக்கு அப்போது வயது 29. அவருக்குப் பழைய மலிவுப் படங்களின் கைவேலை பிடிக்கும். புழுவை ஒவ்வொரு ஃபிரேமாக அசைத்து எடுத்தார்கள், முகங்களை இரப்பரில் இழுத்தார்கள். மொத்தச் செலவு சுமார் 15 மில்லியன் டொலர், வசூல் 70 மில்லியனைத் தாண்டியது, ஒப்பனைக்கு ஒஸ்கார் கிடைத்தது. அடுத்த வருடமே அதே பேர்ட்டன், அதே கீற்றன் ‘பேட்மேன்’ எடுத்தார்கள். அந்தக் காலத்துக் கணினி வரைகலையை நம்பிய படங்கள் பல இன்று பார்க்க அசிங்கமாக இருக்கின்றன. கையால் செய்த பொம்மை, பொம்மையாகவே இருப்பதால் பழசாவதில்லை.

குறையும் இருக்கிறது. கடைசி இருபது நிமிடம் அவசரம். கலியாண ஏற்பாடு, ஆவி அழைப்பு, புழு எல்லாம் ஒன்றன் தலையில் ஒன்று விழுகின்றன. முதலில் எழுதப்பட்ட கதை இதைவிடக் கொடூரமானது, திருத்தித் திருத்திப் பகிடியாக்கினார்கள். அந்த ஒட்டுத் தையல் அங்கே தெரிகிறது. ஆதாமும் பார்பராவும் நடுவில் கொஞ்ச நேரம் காணாமலே போய்விடுகிறார்கள், அது எனக்கு இன்றும் பிடிக்காது.

இரண்டாம் பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஓஹாரா இருக்கிற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது, சவ வீட்டில் சிறுவர்கள் ‘டே-ஓ’ பாடுவது நல்ல யோசனை. ஆனால் அந்தத் தம்பதி இல்லை; ஏதோ சட்ட ஓட்டையால் விடுபட்டுப் போய்விட்டார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அவர்கள் போனதும் வீடும் வெறும் செட் ஆகிவிட்டது.

மகளோடு திரும்பப் பார்ப்பதானால் ஒன்று மட்டும் கவனம். அமெரிக்காவில் இதற்குப் பெற்றோர் வழிகாட்டல் என்ற லேசான சான்றிதழ்தான், ஆனாலும் ஒரு கெட்ட வார்த்தையும், ஊர் மாதிரிக்குள் ஒரு விலைமாதர் விடுதிக் காட்சியும் வரும். தன் உயிரைத் தானே எடுத்தவர்கள் அந்தப் பக்கத்தில் கந்தோர்ச் சேவகர்களாக்கப்படுகிறார்கள் என்று ஒரு பகிடியும் உண்டு. வரவேற்பு மேசைப் பெண் மணிக்கட்டைக் காட்டுவாள். 13 வயதுப் பிள்ளையோடு அந்த இடத்தில் படத்தை நிறுத்தி இரண்டு வார்த்தை கதைப்பது நல்லது, ஓட்டிவிடுவதை விட.

அப்புறம் முடிவில் எழும்பிப் போய்விடாதீர்கள். புழு விழுங்கிய நம் வெத்திலைச் சாறு அதே காத்திருக்கும் அறையில் வந்து குந்துகிறார். கையில் எண் துண்டு: 9,998,383,750,000. பலகையில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் எண் 3. பக்கத்தில் இருப்பவரின் துண்டை அவர் களவெடுக்கப் பார்க்கிறார். அந்தத் திணைக்களத்தில் நான்காம் நாள் எனக்குக் கிடைத்த எண் 214, பலகையில் 37. பக்கத்துக் கதிரைக்காரரின் கையை நானும் ஒரு தரம் பார்த்தேன்தான்.